வண்டியின் கைப்பிடி ரப்பர் மாற்றுவது: பசை வேண்டுமா, வேண்டாமா?

பொதிகைச்சாரல்

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குத் தினமும் வண்டியில் வேலைக்குப் போய் வருகிறவன் நான். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழி. 125 சிசி வண்டி, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. கைப்பிடி ரப்பர்தான் இப்போது தொல்லை. இடது பக்க கிரிப் பிடி தளர்ந்துபோய், கிளட்ச் பிடிக்கும்போதெல்லாம் உள்ளங்கையோடு சேர்ந்து சுற்றுகிறது. மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் இறங்கி, இழுத்தால் கையோடு வந்துவிடும் போலிருக்கிறது. வலது பக்கம் ரப்பர் பிசுபிசுத்துவிட்டது. அலுவலகம் போய்ச் சேரும்போது உள்ளங்கை முழுக்கக் கருப்பு.

உதிரிபாகக் கடையில் ஒரு ஜோடி ஸ்பாஞ்ச் கிரிப்பை எடுத்துக் கொடுத்து, "எல்லா வண்டிக்கும் சேரும், பசையெல்லாம் வேண்டாம், தள்ளிவிட்டால் போதும்" என்கிறார்கள். என் சித்தப்பா பசை போடாமல் மாட்டவே கூடாது என்கிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். அளவு பார்க்க வேண்டுமா? பசை வேண்டுமா? வீட்டிலேயே செய்துவிடலாமா?

தச்சநல்லூர் மாணவன்

வீட்டிலேயே செய்யலாம் அண்ணே. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்துத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். என் நண்பர்கள் பெட்ரோலை ஊற்றியும் ஏற்றுகிறார்கள்.

பேட்டைப் பட்டறை

தம்பி பொதிகைச்சாரல், அந்த இடது கிரிப்பை இன்றைக்கே கவனியுங்கள். பிரேக் பிடிக்கும்போது உடம்பின் பாரம் முன்னால் சாய்ந்து இரண்டு கைக்கும் வருகிறது. அந்த நேரத்தில் இடது கிரிப் கழன்று கையோடு வந்தால், ஹேண்டிலை நீங்கள் ஒரு கையால்தான் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான் என்று தள்ளிப்போடுகிற வேலை இல்லை இது.

எல்லா வண்டிக்கும் சேரும் என்பதில் பாதிதான் உண்மை. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டில் பாரின் வெளிவிட்டம் 22 மி.மீ. இடது கிரிப் நேரே அந்தக் குழாயின் மேல் ஏறுகிறது. வலது கிரிப் பாரின் மேல் ஏறுவதில்லை. பாரைச் சுற்றி ஆக்சிலேட்டர் குழல் என்று ஒரு பிளாஸ்டிக் குழல் சுழல்கிறது. அதன் மேல்தான் ஏறுகிறது. அதனால் வலது கிரிப்பின் உள்துளை 25 மி.மீ. அளவுக்குப் பெரிதாக இருக்கும். ஒரே பாக்கெட்டில் இருக்கும் இரண்டும் வெவ்வேறு துளை. பிரித்ததும் இரண்டையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிய துளையுள்ளதை இடது பக்கம் மாட்டிவிட்டு, "பசை போட்டும் நிற்கவில்லை" என்று பட்டறைக்கு வருகிறவர்கள் உண்டு. சில வண்டிகளில் வலது கிரிப்பும் குழலும் ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும். அப்படியென்றால் குழலோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போது வண்டியையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி கழற்றுவது. பார் முனையில் எடைக்கட்டை இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். ஸ்க்ரூவின் தலை சிதைவது இங்கேதான். பல வண்டிகளில் ஸ்க்ரூ கழன்றுவிடாமல் இருக்க மரைப்பசை போட்டே இறுக்கியிருப்பார்கள். ஜப்பானிய முறையிலான கூட்டல்குறி ஸ்க்ரூ என்றால் சாதாரணத் திருப்புளியின் முனை அதில் முழுதாக உட்காராது. முறுக்க முறுக்க வெளியே ஏறிக்கொண்டு வந்து பள்ளத்தை வழித்துவிடும். சரியான முனையை வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, உடம்பின் பலத்தைக் கொடுத்து அழுத்தியபடியே திருப்புங்கள். அப்படியும் வரவில்லையென்றால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் திருப்புளி உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். தலை வழிந்த ஸ்க்ரூவைத் துளைபோட்டு எடுப்பது இரண்டு மடங்கு வேலை.

பழைய ரப்பரைத் தூக்கிப்போடப் போகிறீர்கள் என்றால் பிளேடுதான் எளிது. இடது பக்கம் உள்ளே இரும்பு; நீளவாக்கில் அழுத்திக் கீறலாம். வலது பக்கம் உள்ளே பிளாஸ்டிக். மேலாக ஒரு கீறல் மட்டும் போட்டுவிட்டு, விரலால் பிளந்து உரித்தெடுங்கள். பிளேடு குழலுக்குள் இறங்கினால் அந்த வெட்டிலிருந்து பின்னால் விரிசல் ஓடும். கிரிப்பை மறுபடி பயன்படுத்த வேண்டுமென்றால் பஞ்சர் கடைக் காற்றுதான் சிறந்தது. கிரிப்பின் விளிம்பைச் சற்றுத் தூக்கி, காற்றுக்குழாயின் முனையைச் செருகி அடித்தால், ரப்பர் பாம்பின் தொண்டைபோல உப்பிக்கொண்டு தானாக நகர்ந்து வரும்.

பெட்ரோல் வேண்டாம். ரப்பர் பெட்ரோலைக் குடித்து உப்பும், பிறகு தளரும். சூடான எஞ்சினுக்கு மேலே வைத்துச் செய்கிற காரியமும் அல்ல அது. எண்ணெய், கிரீஸ் இரண்டும் அறவே கூடாது. அவை காய்வதே இல்லை.

உவரிக்கரை

அண்ணாச்சி சொன்னதோடு கடற்கரைக்காரன் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். எங்கள் பக்கம் கிரிப்பை உரித்தால் உள்ளே குழாய் பளபளப்பாக இருப்பதைப் பார்ப்பது அபூர்வம். உப்புக் காற்றும் மழைத்தண்ணீரும் கிரிப்பின் வாய் வழியாக உள்ளே இறங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. போன மாதம் என் வண்டியில் இடது கிரிப்பை உரித்தபோது, ரப்பரின் உட்புறம் முழுவதும் செம்மண் குழம்பு மாதிரித் துரு ஒட்டிக்கொண்டு வந்தது. குழாயின் மேல் கரடுகரடாக, விரலில் குத்துகிற அளவுக்குத் துருமேடு. அதன் மேல் எந்தப் பசையைப் போட்டாலும் அது துருவோடுதான் ஒட்டும், இரும்போடு ஒட்டாது. துரு பொரிந்ததும் கிரிப்பும் சேர்ந்து கழன்றுவிடும்.

உப்புத்தாளால் குழாய் முழுவதையும் சுற்றிச் சுற்றித் தேய்த்து, துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து, துரு தடுக்கும் பெயிண்டை மெல்லிய ஒரு பூச்சாகப் பூசி நன்றாக உலரவிட்டேன். பெயிண்டைக் கனமாகப் பூசினால் கிரிப் ஏறாது. இடிந்தகரை, கூடங்குளம், கூத்தங்குழி பக்கத்து நண்பர்கள் ரப்பர் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் வருடத்துக்கு ஒரு முறையாவது உள்ளே பார்த்துக்கொள்வது நல்லது.

பாளை இயந்திரவியல்

பசை பற்றி. ஹோண்டாவின் பணிமனைக் கையேடுகளில் இந்த வேலைக்கு வரையறுத்த முறையே உண்டு. கிரிப்பின் உட்புறத்திலும், சுத்தம் செய்த பாரின் மேலும் ஆக்சிலேட்டர் குழலின் மேலும் ரப்பர் பசையைப் பூச வேண்டும். 3 முதல் 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு கிரிப்பை ஏற்றி, பசை சீராகப் பரவும்படி சுழற்ற வேண்டும். 1 மணி நேரம் உலர்ந்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். வண்டியைச் செய்தவர்களே பசையைச் சொல்லும்போது, பசை வேண்டாம் என்ற கடைக்காரரின் பேச்சை நான் ஏற்க மாட்டேன்.

எந்தப் பசை என்பதிலும் கவனம் வேண்டும். செருப்புக்கும் ரெக்ஸினுக்கும் போடுகிற மஞ்சள் நிற ரப்பர் பசை காய்ந்த பிறகும் நெகிழ்வோடு இருக்கும். இங்கே தேவை அதுதான். நொடியில் ஒட்டும் பசை கெட்டியாகி, அதிர்வில் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். ஏற்றும்போது பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டால் கிரிப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும். பஞ்சர் சொல்யூஷன் ரப்பரை ரப்பரோடு ஒட்டுவதற்கானது. இரும்பில் அதன் பிடி குறைவு. வலது பக்கம் பசையைக் கஞ்சத்தனமாகப் பூசுங்கள். உள்பக்கம் வழிந்து, சுழலும் குழலுக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நடுவே போனால் ஆக்சிலேட்டரே ஒட்டிக்கொள்ளும். வெளி முனையில் வழிந்து குழலுக்கும் பாருக்கும் இடையே இறங்கினாலும் அதே கதிதான்.

ஸ்பாஞ்ச் கிரிப் எனக்கு உடன்பாடில்லை. வெயிலில் பொரிந்து, ஐப்பசி மழையில் தண்ணீரைக் குடித்து, பிழியப் பிழியக் கையில் வடியும். வண்டியோடு வந்ததைப் போன்ற திண்ணமான ரப்பரே நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும்.

பேட்டைப் பட்டறை

பாளைப் பேராசிரியர் ஐயா சொல்வது சரி. ஆனால் பசைக்குப் பதிலாகச் சோப்புத் தண்ணீர் தொட்டு ஏற்றுவதை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம். துளை இறுக்கமாக இருக்கும் நல்ல கிரிப்புக்குச் சோப்புத் தண்ணீரே போதும் என்று காலம் தள்ளிய மெக்கானிக்குகள் நெல்லைச் சந்திப்பில் நிறையப் பேர் இருந்தார்கள். அதில் எனக்குப் பிடிக்காதவை இரண்டு: தண்ணீர் உள்ளே இருந்து துருவை வளர்க்கிறது. வியர்வையும் மழையும் பட்டால் உள்ளே இருக்கும் சோப்பு மறுபடியும் வழுக்க ஆரம்பிக்கும். ஸ்பிரிட் அந்த வகையில் மேல். வழுக்கிக்கொண்டு ஏறும், சீக்கிரம் ஆவியாகிவிடும். பசை கையில் இல்லாத இடத்தில் நான் ஸ்பிரிட்டைத்தான் எடுப்பேன்.

பாளை இயந்திரவியல்

இறுக்கமான கிரிப் என்றால் ஒப்புக்கொள்கிறேன் அண்ணாச்சி. பொதிகைச்சாரல் வாங்கப்போவது எவ்வளவு இறுக்கம் என்பது நமக்குத் தெரியாது. அதனால்தான் பசையை வற்புறுத்துகிறேன்.

சேரை செவிலி

நான் கிராமம் கிராமமாக ஸ்கூட்டரில் போகிற வேலையில் இருக்கிறேன். கையில் மரப்பு வருகிற பெண்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், எனக்கும் வந்தது. எல்லோரும் உடனே செய்வது, இருக்கிற கிரிப்பின் மேலேயே மெத்தென்ற உறை ஒன்றை மாட்டுவது. மாட்டியதும் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க முடியாத அளவுக்குக் கைப்பிடி பருத்துவிடுகிறது. சிறிய கையென்றால் இன்னும் அதிகமாக இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, முன்கை வலி கூடுகிறது. பிரேக் லீவரும் விரலுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது. பால்பண்ணைக்கு முன்னால் மாடு குறுக்கே வந்தபோது என் விரல் லீவரைத் தேடியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று மாலையே உறையைக் கழற்றிவிட்டேன்.

அதற்குப் பதிலாக மெல்லிய, வரிவரியாகப் பள்ளமுள்ள ரப்பர் கிரிப் போட்டு, பிரேக் லீவர்கள் இரண்டையும் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கச் சொன்னேன். முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோட்டில் வந்தால் மணிக்கட்டு மடங்குவதில்லை. மரப்பு பெருமளவு குறைந்தது. வண்டியை நிறுத்திய பிறகும் இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து எழுப்புகிறதென்றால் மணிக்கட்டு நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். அதைக் கிரிப் மாற்றிச் சரிசெய்ய முடியாது, மருத்துவரைப் பாருங்கள்.

பாளை இயந்திரவியல்

சகோதரி சொன்னதற்குக் காரணம் சேர்க்கிறேன். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றினால், பாருக்கு விநாடிக்கு 100 அதிர்வு வருகிறது. அந்த அதிர்வை அடக்கத்தான் பார் முனையில் எடைக்கட்டை வைக்கிறார்கள். கிரிப் மாற்றும்போது "அழகுக்குத்தானே" என்று அதைக் கழற்றிப்போட்டுவிடாதீர்கள். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு கைக்குள் கூடுதலாக இறங்கும் என்பதும் உண்மை. ஐரோப்பாவில் வேலையிடங்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதிப்படி, 8 மணி நேர வேலைக்குக் கைக்கு வரும் அதிர்வின் முடுக்கம் விநாடிக்கு விநாடி 2.5 மீட்டரைத் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும். நாள் முழுதும் வண்டியிலேயே பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கைகளைப் பற்றி யாரும் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

வள்ளியூர்க் காற்று

ஆனி, ஆடியில் பணகுடி தாண்டிக் காவல்கிணறு பக்கம் நான்குவழிச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வண்டியை அப்படியே பக்கத்து வரிசைக்குத் தள்ளும். காற்று அடிக்கிற பக்கத்துக் கைப்பிடியை அழுத்திப் பிடித்துத்தான் நேரே போக முடியும். அந்த இடத்தில் சுற்றுகிற இடது கிரிப்போடு போவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. அதனால் பட்டறை அண்ணாச்சி சொன்ன அவசரத்தை நானும் வழிமொழிகிறேன்.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணில் ஓடுகிற வண்டிகளில் ஆக்சிலேட்டர் குழலுக்குள் சிவப்புப் பொடிமண் புகுந்துகொள்கிறது. கிரிப்பை மாற்றுகிற அன்றைக்கே குழலையும் உருவிப் பார்த்துத் துடைத்துவிட வேண்டும். தென்னந்தோப்பிலிருந்து மூட்டை ஏற்றி வரும் டி.வி.எஸ். எக்ஸ்எல் மொபெட்களில் ஆக்சிலேட்டர் இறுகிப்போய், கையை விட்டாலும் மெதுவாகத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார் 1877-இல் பிறந்தது இங்கே பக்கத்துத் திருக்குறுங்குடியில்தான். 1980-இல் வந்த அந்த நிறுவனத்தின் மொபெட்டின் வாரிசுகள்தான் இன்றும் எங்கள் தோப்புகளின் உழைப்பாளிகள். அவற்றுக்கு இந்தக் கவனிப்பைக் கொடுக்க வேண்டும்.

பேட்டைப் பட்டறை

வள்ளியூர்த் தம்பி சொன்னது மிக முக்கியம். குழலைத் துடைத்த பிறகு பாரின் மேல் கிரீஸை அப்பாதீர்கள். மண்ணைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னைவிட மோசமாகும். ஆக்சிலேட்டர் கேபிளின் முனையில் உள்ள குண்டு குழலில் உட்காரும் இடத்தில் மட்டும் துளி கிரீஸ் போதும். பார் வெறுமனே சுத்தமாக இருக்கட்டும்.

தச்சநல்லூர் மாணவன்

மின்சார ஸ்கூட்டருக்கும் இதே முறைதானா? எங்கள் வீட்டில் அம்மா ஓட்டுவது அதுதான்.

பேட்டைப் பட்டறை

இடது பக்கம் இதே முறைதான். வலது பக்கம் வேறு. அங்கே கேபிள் கிடையாது, திருகும் அளவை உணர்ந்து மின்குறிப்பு அனுப்பும் உணரி இருக்கிறது. அதனால் வண்டியை முழுவதும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டுத்தான் வலது கிரிப்பில் கையே வைக்க வேண்டும். வண்டி இயக்கத்தில் இருக்கும்போது கிரிப்பைத் திருகி இழுத்தால் சத்தமே இல்லாமல் பாய்ந்துவிடும். தண்ணீரோ ஸ்ப்ரேயோ உள்ளே இறங்கக் கூடாது. குழலை உருவ முயல வேண்டாம். வாரண்டி இருந்தால் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திலேயே கொடுத்துவிடுங்கள் தம்பி.

பொதிகைச்சாரல்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்தேன். ஸ்பாஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழையதைப் போன்ற திண்ணமான ரப்பர் ஜோடி வாங்கினேன். இடது குழாயில் விரல் அகலத்துக்கு இரண்டு திட்டுத் துரு இருந்தது, உப்புத்தாளில் போய்விட்டது. மஞ்சள் ரப்பர் பசை பூசி, ஒட்டுப்பதம் வந்ததும் ஒரே மூச்சில் தள்ளினேன். உட்கார்ந்த பிறகு கிரிப்பின் வரிகள் கைக்கு நேராக வரும்படி சற்றுச் சுழற்றிவிட்டேன். இடது பக்கம் இப்போது அசைக்க முடியவில்லை.

வலது பக்கத்தில் ஒரு சந்தேகம். எடைக்கட்டையை இறுக்கிய பிறகு ஆக்சிலேட்டர் திரும்புகிறது, ஆனால் பழையபடி சட்டென்று இல்லை. கடைசியில் கொஞ்சம் சோம்பி நிற்கிறது. பசை வழியவில்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன். எடைக்கட்டையைத் தளர்த்தினால் சரியாகத் திரும்புகிறது.

பேட்டைப் பட்டறை

நீங்களே நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் தம்பி. புதிய கிரிப் பழையதைவிடச் சற்று நீளமாக இருக்கும். முனை எடைக்கட்டையில் உரசுகிறது. இதோடு வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். திறந்த ஆக்சிலேட்டர் மூடாமல் நிற்பது எந்த வளைவிலும் உயிருக்கு ஆபத்து.

கிரிப்பின் உள்விளிம்பு ஸ்விட்ச் பெட்டியோடு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே 1 அல்லது 2 மி.மீ. இடைவெளி இருந்தே ஆக வேண்டும், அதனால் இனியும் உள்ளே தள்ள முயலாதீர்கள். வெளி முனையில் ரப்பர் விளிம்பை அதே அளவுக்கு வட்டமாகச் சீவி எடுங்கள். புது பிளேடு, சோப்புத் தண்ணீர் தொட்டு, ஒரே சுற்றில். பிசிறு நின்றால் அதுவும் உரசும்.

பிறகு எஞ்சினை நிறுத்தி வைத்து முழுவதும் திருகிக் கையை விடுங்கள். டக் என்று மூட வேண்டும். ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் திருப்பி வைத்து ஒரு முறை, வலது பக்கம் திருப்பி வைத்து ஒரு முறை. கேபிள் இழுபடத் தொடங்கும் முன் கிரிப் விளிம்பில் சும்மா ஆடும் அளவு எவ்வளவு என்றும் பாருங்கள். 2 முதல் 6 மி.மீ. வரை இருப்பது பெரும்பாலான வண்டிகளுக்கு வழக்கம், உங்கள் வண்டிக் கையேட்டில் இருப்பதே கணக்கு. கடைசியாக எஞ்சினை மெல்ல ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் திருப்புங்கள். ஓட்டம் தானாக ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, அப்படியே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

பொதிகைச்சாரல்

ஸ்விட்ச் பெட்டிப் பக்கம் இடைவெளி இருக்கிறது, உரசியது வெளி முனைதான். ரப்பரில் எடைக்கட்டையின் வட்டத் தடமே பதிந்திருந்தது. நூல் கனத்துக்குச் சீவி, எடைக்கட்டையை மறுபடி இறுக்கினேன். மூன்று நிலையிலும் டக் என்று மூடுகிறது. ஹேண்டிலைத் திருப்பினாலும் எஞ்சின் ஓட்டம் மாறவில்லை. பசை உலர இரவு முழுவதும் விட்டுவைத்து, இன்று காலை வண்ணார்பேட்டைக்கு வந்து சேர்ந்தேன். வீரவநல்லூரில் நல்ல மழை. கிரிப் அசையவில்லை, உள்ளங்கையில் கருப்பும் இல்லை.

உவரிக்கரை

நல்லது தம்பி. மழையில் நனைந்த வண்டி அல்லவா, இன்று மாலை இடது கிரிப்பின் வாயை ஒரு காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.